இரண்டு கிலோவில் நிற்கும் என்றார்கள், ஐந்தைத் தாண்டிவிட்டது

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நாயின் பெயரும் மாற்றப்பட்டிருக்கிறது.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு பொமரேனியன் பெண் குட்டியை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது குட்டிக்கு 45 நாள். "டாய் பாம், டீகப் சைஸ், ரெண்டு கிலோவுக்கு மேல போகவே போகாது" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்திருக்கிறார். தாய் நாயின் வீடியோவும் வந்திருக்கிறது. ரசீது இல்லை, பேப்பர் இல்லை, பணம் ஜிபேயில் போயிருக்கிறது. இப்போது மீனுவுக்கு ஒன்பது மாதம், எடை 5.2 கிலோ. அதே ஈத்தில் பிறந்த இன்னொரு குட்டி வில்லாபுரத்தில் நாத்தனார் வீட்டில் வளர்கிறது, அது 1.9 கிலோதான்.

வீட்டுக்காரர், "கிராஸ் குட்டியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்கிறார். விற்றவரோ, "சாப்பாட்டைக் குறைங்க, அப்படியே நின்னுரும்" என்றிருக்கிறார். அதை நம்பி இரண்டு மாதமாக மீனுவுக்கு ஒரு வேளை சாப்பாடுதான். பசியில் அது கத்தும்போதெல்லாம் மகள் மேரி பிஸ்கெட் கொடுத்துவிடுகிறாள். பிடிக்கவில்லை என்றால் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே 5,000 கொடுத்து வேறு சின்னக் குட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றும் விற்றவர் சொல்லியிருக்கிறார். போன வாரம் மீனு முதல் முறை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்துவிட்டது. மாமியாருக்கு ஒரு யோசனை: "சின்ன ஆண் நாயோட இப்பவே சேர்த்துவிடு. குட்டியாவது சின்னதாப் பிறக்கும், ரெண்டை வித்தா போட்ட காசு வந்துரும்."

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் எழுதியதுபோல் ஒரு வரி: "நாத்தனார் வீட்டுக் குட்டி அளவா, பொம்மை மாதிரி இருக்கு. கொஞ்சம் சோர்ந்து படுக்கும், கறி போட்ட அன்னைக்கு சுவத்துல தலையை முட்டிக்கிட்டே நிக்கும், எல்லாரும் சிரிப்போம். இது மட்டும் ஏன் டாக்டர் இப்படி வளர்ந்துருச்சு?"

சகோதரி, அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது மீனுவைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மூன்று விஷயங்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படிக்கலாம். இன்று இரவே மீனுவுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள். அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இந்த ஹீட்டில் எந்த நாயோடும் சேர்க்காதீர்கள்.

ஒரே இனத்தில் ஏன் இத்தனை அளவு

பொமரேனியன் என்றாலே கையில் அடங்கும் நாய் என்று நினைக்கிறோம். அந்த இனம் அப்படித் தொடங்கவில்லை. பால்டிக் கடலோரத்தில், இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கும் பொமரேனியா பகுதியின் பெயர் அதற்கு வந்தது. ஸ்பிட்ஸ் என்ற குளிர்நாட்டு நாய்க் குடும்பத்தில் அது ஒரு கிளை. 1767இல் இங்கிலாந்து அரசி சார்லட் அரண்மனைக்குக் கொண்டுவந்த பொமரேனியன்கள் இன்று நாம் பார்ப்பதைவிடப் பல மடங்கு பெரியவை. அவருடைய பேத்தி விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்திலிருந்து மார்க்கோ என்ற ஒரு சின்ன நாயை வாங்கி வந்தார். அதன் பிறகுதான் சின்ன பொமரேனியன் மோகம் பிடித்தது. அந்த மார்க்கோவின் எடை சுமார் 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. உங்கள் மீனு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

அதன் பிறகு சின்ன ஆணையும் சின்னப் பெண்ணையுமே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இன்றைய அமெரிக்கத் தர அளவு 1.4 முதல் 3.2 கிலோ வரை. பிரிட்டனில் ஆணுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெண்ணுக்கு 2 முதல் 2.5 கிலோ; பெண் நாய் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, பிரசவத்தைப் பற்றிப் பேசும்போது புரியும். ஐரோப்பாவில் இருக்கும் எஃப்.சி.ஐ. என்ற நாய் இனங்களுக்கான அமைப்பு இந்த ஸ்பிட்ஸ் நாய்களை ஒரே தர ஏட்டில் வைத்து உயரத்தால் பிரிக்கிறது: 18 முதல் 24 சென்டிமீட்டர் வரை பொமரேனியன், 24 முதல் 30 வரை அடுத்த அளவு, அதற்கு மேல் இன்னும் மூன்று அளவுகள். பெரியதில் பெரியது 55 சென்டிமீட்டர் வரை போகும்.

இதில் டாய், மினியேச்சர், டீகப் என்ற பிரிவுகள் எங்கே என்று தேடினால் கிடைக்காது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்த கென்னல் கிளப்பும் டீகப் பொமரேனியன் என்று ஒன்றை அங்கீகரிக்கவில்லை. விற்பவர்கள் வைத்த பெயர் அது.

நம் ஊர் நிலவரம் இன்னும் சிக்கலானது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களிலிருந்து இந்த மண்ணில் பழகி உருவானது இந்தியன் ஸ்பிட்ஸ். மதுரையில் எந்தத் தெருவில் கேட்டாலும் வெள்ளையாகப் புசுபுசுவென்று இருப்பதையெல்லாம் "பாம்" என்றுதான் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைத் தனி இனமாகவே பதிவு செய்கிறது. சின்ன வகை ஐந்து முதல் ஏழு கிலோ, பெரிய வகை 12 கிலோவுக்கு மேல். பல வருடங்களாக பொமரேனியனையும் இந்தியன் ஸ்பிட்ஸையும் கலந்து கலந்து குட்டி எடுத்திருப்பதால், பேப்பர் இல்லாத ஒரு "பாம்" குட்டியின் பரம்பரையில் எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் மீனு கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் தோள் சிலிண்டரின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அந்தக் கணக்கில் உயரம் 28 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கலாம். மூக்கு கொஞ்சம் நீளம், காது கொஞ்சம் பெரிது. என் ஊகம், இதில் இந்தியன் ஸ்பிட்ஸ் ரத்தம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கலாம். ஆனால் "கிராஸ்" என்றால் குறையுள்ள நாய் என்று அவர் நினைக்கிறாரே, அதை நான் ஏற்கவில்லை. மதுரை வெயிலுக்கு அந்த ரத்தம் நல்லதே செய்யும்.

"ஒரே ஈத்துதானே, எப்படி ஒன்று 1.9, இன்னொன்று 5.2?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாயின் உடல் அளவை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. இருபதுக்கு மேற்பட்டவை சேர்ந்து முடிவு செய்கின்றன. அதில் முக்கியமான ஐ.ஜி.எஃப்.-1 என்ற மரபணுவைப் பற்றி 2007இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அந்த ஒரு மரபணு மட்டுமே நாய்களின் அளவு வேறுபாட்டில் சுமார் 15 சதவீதத்தைத் தீர்மானிக்கிறது. சின்ன உடலுக்கான அந்த மாற்றம் மனிதன் உண்டாக்கியதும் அல்ல. சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டுப் பழைய ஓநாயின் எலும்பிலேயே அது இருந்ததை 2022இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் இருவரும் சின்னதாக இருந்தாலும், தாத்தா பாட்டி வழியில் வந்த பெரிய உடலுக்கான மரபணுக்கள் ஒரு குட்டியில் ஒன்றுசேரலாம், அடுத்த குட்டியில் சேராமல் போகலாம். தவிர, ஒரே ஹீட்டில் இரண்டு ஆண் நாய்கள் சேர்ந்திருந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. ஆகவே வீடியோவில் தாய் சின்னதாகத் தெரிந்தது எதற்கும் உத்தரவாதம் இல்லை. 45 நாள் குட்டியைப் பார்த்து இது இத்தனை கிலோவில் நிற்கும் என்று எழுதிக் கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. நான்கு மாத எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த எடை ஓரளவு தெரியும் என்பார்கள், அதுவே தோராயம்தான்.

சாப்பாட்டைக் குறைத்தால் அப்படியே நிற்குமா

நிற்காது. இதை விற்பவர்கள் இத்தனை சுலபமாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் பட்டினி கிடப்பது குட்டி.

எலும்பு எவ்வளவு நீள வேண்டும் என்பது மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் நாய் அழகாகச் சின்னதாகிவிடாது. அதே சட்டகத்தில் தசை வற்றி, எலும்பு வலுவிழந்து, நோய் எதிர்ப்பு குறைந்த நாய்தான் கிடைக்கும். நான்கு மாதத்துக்குள் உள்ள சின்ன இனக் குட்டிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், வாயில் நீர் ஒழுகும், வலிப்பே வரும். அப்படி எந்தக் குட்டியைப் பார்த்தாலும் குளுக்கோஸ் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

மீனு அந்த வயதைத் தாண்டிவிட்டது. சின்ன இன நாய்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். ஒன்பது மாதம் ஆகிவிட்டதால் உயரம் இனி அதிகம் ஏறாது. நீங்கள் பயப்படுவதுபோல் அது பத்துக் கிலோ ஆகப் போவதில்லை.

இப்போது பிஸ்கெட் கணக்கைப் பாருங்கள். மீனு எடையுள்ள நாய்க்கு நாளுக்கு 350 கலோரி போல வேண்டும். ஒரு மேரி பிஸ்கெட்டில் சுமார் 25 கலோரி. மகள் ஐந்தாறு கொடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே 150 கலோரியை நெருங்குகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக மைதாவும் சர்க்கரையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். புரதமும் போனது, எடையும் குறையவில்லை. மகளைத் திட்டாதீர்கள். பசித்த பிராணிக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இனிமேல் காலையும் இரவும் என்று இரண்டு வேளை வையுங்கள். கடைத் தீவனம் என்றால் குட்டிகளுக்கானது, நாளுக்கு 80 முதல் 90 கிராம், அதை இரண்டாகப் பிரித்து. வீட்டுச் சாப்பாடு என்றால் சோறு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதி வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் கேரட், பூசணி. வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது, அதற்கு என்ன கொடுப்பது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழம்பில் கிடந்த கறியை எடுத்துக் கழுவிப் போடுகிறோம் என்று பலர் சொல்வார்கள். வெங்காயமும் பூண்டும் வெந்த குழம்பு கழுவினாலும் போகாது, நாயின் ரத்த அணுக்களை அது அழிக்கும். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம்.

எடை சரியாக இருக்கிறதா என்பதைத் தராசு மட்டும் சொல்லாது, கைதான் சொல்லும். பொமரேனியனின் முடிக்குள் ஒல்லியும் தெரியாது, குண்டும் தெரியாது. மீனுவை நிற்க வைத்து இரண்டு உள்ளங்கைகளையும் விலாவில் வைத்து மெதுவாக வருடிப் பாருங்கள். அழுத்தாமலேயே விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் கொழுப்பு கூடியிருக்கிறது. அப்படியானால் பிஸ்கெட்டை நிறுத்துங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

விற்றவரிடம் என்ன கேட்கலாம்

நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. அதன்படி குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. உங்களுக்கு 45 நாளில், அதாவது ஆறரை வாரத்தில் கொடுத்திருக்கிறார். மதுரைப் பக்கம் இது சர்வசாதாரணம் என்று எனக்குத் தெரியும். சாதாரணமாக நடப்பதால் அது சரியாகிவிடாது. அந்த இரண்டு வாரம் தாயோடும் உடன்பிறந்தவையோடும் இருந்தால்தான் குட்டி கடிக்கும் வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்ளும்.

நான் வழக்கறிஞன் இல்லை. நுகர்வோர் சட்டத்தில் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ரசீது இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். "ரெண்டு கிலோவுக்கு மேல போகாது" என்ற வாட்ஸ்அப் செய்தி, ஜிபே விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாமே ஆதாரம்தான், அழித்துவிடாமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். மேலே போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதற்கான நேரமும் அலைச்சலும் 18,000 ரூபாய்க்குத் தகுமா என்பதை நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஆனால் 5,000 கொடுத்துக் குட்டியை மாற்றும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். திரும்பிப் போகும் மீனு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்பது மாதப் பெண் நாய், ஹீட்டுக்கும் வந்துவிட்டது. அங்கே அது ஈத்துக்கு ஈத்து குட்டி போடும் நாயாகத்தான் இருக்கும். மாற்றாக வருகிற சின்னக் குட்டி ஆரோக்கியமாக இருக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. அதே கையிலிருந்து இரண்டாம் முறை அதே வாக்குறுதியைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். உங்கள் மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அழுவது நியாயம்.

சின்ன ஆணோடு சேர்த்தால்

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல உங்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். அவர் நினைப்பதில் பாதி சரி. பெரிய பெண்ணோடு சின்ன ஆணைச் சேர்ப்பது, மாற்றிச் சேர்ப்பதைவிடப் பாதுகாப்புதான். ஆனால் குட்டிகள் எல்லாம் அப்பனைப் போலச் சின்னதாகப் பிறக்காது. உங்கள் வீட்டில் நடந்ததே மறுபடியும் நடக்கும்: ஒன்று இரண்டு கிலோ, ஒன்று நான்கு, ஒன்று ஆறு. அதில் ஒன்றை "டீகப்" என்று யாரோ ஒருவர் வாங்கிப் போய் எனக்குக் கடிதம் எழுதுவார்.

மீனுவின் உடம்பும் தயாராக இல்லை. அதுவே இன்னும் முழுப் பக்குவம் வராத பிள்ளை. 18 மாதம் ஆகாத பெண் நாயைக் குட்டி எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொன்ன அதே 2017 விதிகள் சொல்கின்றன. சின்ன நாய்களுக்கு இடுப்புக் குழி குறுகல். வயிற்றில் ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து தலை மாட்டிக்கொள்ளும், ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் செய்ய ஆள் தேட வேண்டியிருக்கும். குட்டி போட்ட பிறகும் பால் சுரப்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கி வலிப்பு வருவது சின்ன இனங்களில்தான் அதிகம். இரண்டு குட்டி விற்ற காசு அந்த ஒரு ராத்திரிச் செலவுக்குப் போதாமல் போகலாம்.

அவசரமான எச்சரிக்கை இன்னொன்று. ஹீட் சுமார் மூன்று வாரம் இருக்கும். ரத்தப்போக்கு குறைந்து வெளிறும்போது ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள், சினை பிடிக்கும் நாட்கள் அப்போதுதான் தொடங்கும். இந்த மூன்று வாரமும் மாடியிலோ வாசலிலோ தனியாக விடாதீர்கள். தெருவில் உள்ள பெரிய ஆண் நாயோடு சேர்ந்துவிட்டால் மீனுவின் உயிருக்கே ஆபத்து. ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள். பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதோடு போய்விடும், மார்புக் கட்டிக்கான வாய்ப்பும் குறையும்.

மீனுவுக்கு இப்போது பார்க்க வேண்டியவை

ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் மூன்று இடங்களைக் காட்டுங்கள். பல்: ஏழு மாதத்துக்குள் பால் பல் எல்லாம் விழுந்திருக்க வேண்டும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கோரைப் பல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக நின்றால் ஒன்றை எடுக்க வேண்டும். முட்டி: ஓடும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கி இரண்டு மூன்று காலடி நொண்டிவிட்டு மறுபடி சரியாக ஓடுகிறதா என்று கவனியுங்கள், முட்டிச் சில்லு விலகுவது இந்த இனத்தில் சகஜம். இதயம்: ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாலே பிறவிக் கோளாறு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கழுத்துப் பட்டையில் சங்கிலி கட்டி இழுக்காதீர்கள், இந்த இனத்தின் மூச்சுக்குழாய் மென்மையானது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். சித்திரை வெயிலுக்கு மொட்டையடிக்கச் சொல்வார்கள், வேண்டாம். இந்த இரட்டை முடி ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்குத் திரும்ப வளர்வதே இல்லை. தினமும் சீவிவிட்டு, நடையை விடியற்காலைக்கு மாற்றினால் போதும். உண்ணி மருந்து, பூச்சி மருந்து இரண்டும் எடையைப் பார்த்துக் கொடுப்பவை, ஆகவே "ரெண்டு கிலோ நாய்" என்று பழக்கத்தில் வாங்கிவிடாமல் இன்றைய எடையைச் சொல்லி வாங்குங்கள். தடுப்பூசிக்கு மட்டும் அப்படிக் கணக்கில்லை. வெறிநாய்க்கடி ஊசியில் சின்ன நாய்க்குப் பாதி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எல்லா நாய்க்கும் ஒரே அளவுதான்.

வில்லாபுரத்துக் குட்டி

இப்போது அந்தக் கடைசி வரி. கறி சாப்பிட்ட அன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது விளையாட்டு அல்ல, சகோதரி. மூளை பாதிக்கப்படும்போது நாய்கள் செய்வது அது.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய மாட்டேன். ஆனால் மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன: உடன்பிறந்ததில் பாதி வளர்ச்சிகூட இல்லை, அடிக்கடி சோர்வு, புரதம் நிறையச் சாப்பிட்டதும் தடுமாற்றம். சின்ன இனங்களில் இப்படிப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிறவியிலேயே வரும் ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு. குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரல் வழியாகப் போய்ச் சுத்தமாக வேண்டும். இந்தக் குட்டிகளுக்கு ஒரு குறுக்குக் குழாய் இருந்து, ரத்தம் ஈரலைத் தொடாமலே உடம்புக்குள் போய்விடும். கறியிலிருந்து உண்டாகும் அம்மோனியா நேராக மூளைக்கு ஏறும். ஈரலும் வளராது, நாயும் வளராது. நாம் அதை "அளவா இருக்கு" என்று கொஞ்சுகிறோம். நோயால் வளராமல் போன குட்டிகள் சில டீகப் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போவதுண்டு என்பதால்தான் அந்தப் பெயர் மீதே எனக்கு இத்தனை வெறுப்பு.

நாத்தனாரிடம் இன்றே பேசுங்கள். அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அவரும் ஆசையாகத்தானே வளர்க்கிறார். டாக்டரைப் பார்க்கும்வரை கறியும் ஈரலும் வேண்டாம், ஆனால் பட்டினியும் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுக்கட்டும். அடுத்த முறை தலையை முட்டிக்கொண்டு நின்றாலோ, வட்டம் சுற்றினாலோ போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். மருத்துவமனையில் அது நன்றாகத்தான் நிற்கும், அந்த வீடியோதான் டாக்டருக்கு உதவும். சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்துப் பித்த அமிலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். வயிற்று ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் மேலே அனுப்பினால் தேனி வீரபாண்டியிலோ திருநெல்வேலி ராமையன்பட்டியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பல குட்டிகளுக்கு அந்தக் குறுக்குக் குழாயை அடைத்துச் சரிசெய்ய முடிகிறது. முடியாதவற்றுக்கும் உணவு மாற்றி, மருந்து கொடுத்து நன்றாகவே வைத்திருக்கலாம்.

முக்கியமாக, பரிசோதனை முடியும்வரை அதற்குப் பல் சுத்தம் செய்யவோ, கருத்தடைக்கோ, முடி வெட்டவோ மயக்க மருந்து எதுவும் கொடுக்க விடாதீர்கள். ஈரல் வேலை செய்யாத நாய் அந்த மயக்கத்திலிருந்து எழாமல் போகலாம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அதையும், இரண்டு குட்டிகளின் எடையையும் எனக்கு எழுதுங்கள்.